கழிவு பிறக்கும் இடம்



கட்டடக் கழிவு என்றாலே, இரவோடு இரவாக ஏரிக்கரையில் கொட்டிவிட்டு ஓடும் லாரிதான் நம் நினைவுக்கு வரும். அந்த லாரியைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் இருக்கும் கழிவு பிறந்த இடம் எது? பல நேரம், அவசரத்தில் போட்ட வரைபடம்.

கம்பியையே எடுத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் முறுக்குக் கம்பி 12 மீட்டர். பீமுக்கு வேண்டியது நாலரை மீட்டர். இரண்டு துண்டு வெட்டினால் 3 மீட்டர் மிச்சம். நாலில் ஒரு பங்கு! அதே கட்டடத்தில் ஒரு லிண்டலுக்கு அந்த 3 மீட்டர் அப்படியே பொருந்தும். ஆனால் அது அடுத்த மாத வேலை. இன்று வெட்டுகிற தோழருக்கு அது தெரிய வழியில்லை. மிச்சம் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அடுத்த மாதம் புதுக் கம்பி வெட்டுப்படும்.

'பிம்' என்று பொறியாளர்கள் சொல்லும் கணினிக் கட்டட மாதிரி இங்கேதான் கைகொடுக்கிறது. ஒவ்வொரு தூணும் கம்பியும் குழாயும் தன் அளவோடும் பொருளோடும் அதற்குள் இருக்கும். எந்தக் கம்பியில் எந்தத் துண்டுகளைச் சேர்த்து வெட்டினால் மிச்சம் குறையும் என்று அஸ்திவாரம் தோண்டும் முன்பே கணக்குப் போடலாம்.

குழாய் விஷயம் இன்னும் கொடுமை. கட்டட வரைபடம் ஒருவரிடம், வயரிங் இன்னொருவரிடம், பிளம்பிங் மூன்றாமவரிடம். மூவரும் கலந்து பேசுவதே கான்கிரீட் போட்ட பிறகுதான்! கழிவுநீர்க் குழாய் போய் பீமில் முட்டும். பீமைத் துளைத்தால் கட்டடத்துக்கு ஆபத்து. குழாயைத் திருப்பினால் கட்டிய சுவரை உடைக்க வேண்டும். மூன்று வரைபடங்களையும் ஒரே பிம் மாதிரியில் சேர்த்திருந்தால், அந்த முட்டலைக் கணினியே காட்டியிருக்கும். திரையில் குழாயை நகர்த்த ஒரு செங்கல்கூட உடைய வேண்டாம்.

சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவை அரைத்துப் பயன்படுத்த ஆலைகள் இருக்கின்றனவே என்பீர்கள். வரவேற்கிறேன். ஆனால் கான்கிரீட்டை அரைத்தால் ஜல்லி கிடைக்கும், மணல் கிடைக்கும். சிமெண்ட் திரும்பக் கிடைக்காது. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டால் வருகிறது. அதில் பெரும்பங்கு, சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே கிளம்புகிறது. எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பங்கு குறையாது. உடைக்க வேண்டிய கான்கிரீட்டைப் போடாமல் இருப்பதே பெரிய மிச்சம்.

சிங்கப்பூரில் 2015-இல், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு அனுமதி கேட்கும்போதே பிம் மாதிரியைத் தர வேண்டும் என்று விதி வந்தது. நம் ஊரில் அரசு கட்டும் பெரிய மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் டெண்டரிலேயே இந்த நிபந்தனை வரட்டும்.

பொறியாளர்களே, மாதிரி உங்கள் அலுவலகக் கணினியில் பூட்டிக் கிடக்கக் கூடாது. தமிழில் அச்சிட்ட வெட்டுப் பட்டியலாக அது கம்பி கட்டும் தோழரின் கைக்குப் போக வேண்டும். வீடு கட்டப் போகும் தாய்மார்களே, சமையலறை எந்தப் பக்கம், குழாய் எந்தச் சுவரில் என்பதை அஸ்திவாரத்துக்கு முன்பே திரையில் பார்த்து முடிவு செய்யுங்கள். முடிவு செய்யும் வரை, தயவுசெய்து வேலையைத் தொடங்கச் சொல்லாதீர்கள்.