எங்கள் இல்லத்துக் கொலுவும் கைவேலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், குடும்ப அரங்கில் படிக்கப்பெற்ற உரை)

சென்ற மாதம் சங்கத்தார் எங்கள் இல்லத்திற்கு வந்து, "உங்கள் வீட்டுக் கொலுவுக்கு வேண்டியவற்றைப் பெரும்பாலும் நீங்களே செய்துகொள்கிறீர்கள். தாம்பூலத்துடன் கொடுக்கும் பரிசுகளும் உங்கள் கைவேலையே. அதுபற்றிப் பேச வேண்டும்" என்று கேட்டுக்கொண்டனர். எங்களுள் ஒருவர் அலுவலகக் கோப்புகளன்றி வேறெதுவும் எழுதிப் பழகாதவர். மற்றவர், கைப்பேசி வந்தது முதல் கடிதம் எழுதுவதையும் மறந்தவர். ஆகவே இருவருமாகக் கூடி எழுதியதை ஒருவர் படிக்கிறோம். பிழைகளில் இருவருக்கும் பங்கு உண்டு.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறோம். இக்கைவேலை கலையார்வத்தால் தொடங்கியதன்று. கையில் காசில்லாமையால் தொடங்கியது. 1991ஆம் ஆண்டு நாங்கள் தமிழ்நாடு விரைவு வண்டியில் இரண்டு இரவுகள் பயணம் செய்து டில்லிக்கு வந்து இறங்கியபோது, எங்களிடம் இரண்டு இரும்புப் பெட்டிகளும், ஒரு படுக்கைச் சுருட்டும், துண்டில் சுற்றிய மரப்பாச்சி இணை ஒன்றும் இருந்தன. எங்களுள் ஒருவருக்குத் தாயும் மற்றவருக்கு மாமியாருமான பாட்டியும் உடன் வந்திருந்தார். அவ்வாண்டு நவராத்திரி வந்தது. இரும்புப் பெட்டிகளை அடுக்கிப் பலகை போட்டு மூன்று படி கட்டிவிட்டோம். மரப்பாச்சிக்குப் பழைய பட்டுப்புடவையின் கரையைக் கிழித்து உடையும் தைத்தாயிற்று. ஆனால் வருகிற சுமங்கலிகளுக்கு என்ன கொடுப்பது? வெற்றிலையும் மஞ்சளும் வாங்கியபின் கையிருப்பு அநேகமாகத் தீர்ந்துவிட்டது.

பாட்டி அதிகம் யோசிக்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து பழைய செய்தித்தாள்களைக் கேட்டு வாங்கிவரச் சொன்னார். ஊரில் அவருடைய தாயார் செய்துவந்த காகிதக்கூழ்க் கூடைகளைச் செய்யத் தொடங்கினார். இளந்தலைமுறையினருள் பலர் இதனைக் கண்டிருக்க மாட்டார்களாதலால் சற்று விரித்துச் சொல்கிறோம். காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து மூன்று நாள் நீரில் ஊற வைக்க வேண்டும். நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். ஒரு கிலோ காகிதத்திற்கு ஒரு கைப்பிடி வெந்தயம் என்பது பாட்டியின் கணக்கு. வெந்தயத்தைத் தனியே ஊற வைத்து, காகிதத்தைப் பிழிந்து, இரண்டையும் சேர்த்து வெண்ணெய்போல் அரைத்தெடுக்க வேண்டும். வெந்தயத்தின் பிசுக்கு கூழை இறுகப் பிடிக்கும். அதன் கசப்பு பூச்சியையும் அண்டவிடாது. பின்பு சொம்பையோ கிண்ணத்தையோ கவிழ்த்து, அதன்மேல் நனைத்த மெல்லிய துணியைப் போர்த்தி, கூழை விரற்கடை கனத்திற்கு அப்பித் தட்டவேண்டும். துணியை மறந்தால் கூடை கிண்ணத்தை விட்டு வராது. எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் கிண்ணம் இன்றும் காகிதச் சட்டையுடன் இருப்பதற்கு அதுவே காரணம்.

இங்கே டில்லியின் பருவத்தையும் கருத வேண்டியிருக்கிறது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் செய்தால் பூஞ்சணம் பிடிக்கும். மே மாதத்து அனற்காற்றில் வெயிலில் வைத்தால் வெளிப்புறம் ஒரு மணி நேரத்தில் காய்ந்து, உட்புறம் ஈரமாக நின்று, வெடித்துவிடும். மே மாதத்திலேயே, ஆனால் கட்டிலுக்கடியில் நிழலில் உலர்த்த வேண்டும் என்று கண்டுகொள்ள எங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. உலர்ந்தபின் சுண்ணாம்பு பூசி, காவியால் ஓரத்தில் கம்பிக்கோலம் இழுத்தால் ஒரு கூடை முடிந்தது. முதலாண்டு செய்தவை பதினொன்று, தேறியவை ஏழு.

நிற்க. எங்களைப் பார்த்து, "வாங்கிக் கொடுப்பதற்கு மனமில்லை, கையால் செய்து ஒப்பேற்றுகிறார்கள்" என்று சொன்னவர்களும் உண்டு. அதில் எங்களுக்கு வருத்தமில்லை. முதல் சில ஆண்டுகளில் அது பாதியளவு உண்மையே. ஆயினும், கடையில் வாங்குவதன் கதியையும் நாம் அறிவோம் அன்றோ? நாங்கள் ஒரு வீட்டில் கொடுத்த ரவிக்கைத் துணி, நான்கு ஆண்டுகள் நம் காலனியையே வலம் வந்து, ஓரத்தில் நாங்கள் போட்ட மைக்குறியோடு எங்களிடமே திரும்பி வந்தது. கொடுத்தவர் இங்கே அமர்ந்திருக்கக்கூடும். அவர் வருந்த வேண்டியதில்லை. அதனைத் தைத்து உடுத்தாயிற்று.

கொலு விருந்துக்கு வருவோம். 1992இல் நடந்த ஒன்றை நாங்கள் மறக்கவில்லை. எதிர்வீட்டில் ரோத்தக் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டியார் இருந்தார். பெரிய தகப்பனாரின் மனைவியை அரியானாவில் 'தாயீ' என்று அழைப்பர். காலனியில் யாவரும் அவரை அவ்வாறே அழைத்தனர். எங்கள் நாவுக்கும் அவ்வழைப்பு அயலாகப் படவில்லை. கொலுவுக்கு அழைத்தோம், வந்தார். பொம்மைகளை நெடுநேரம் பார்த்தார். கடலைப்பருப்புச் சுண்டலைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தோம். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தவர், விடைபெறும்போது முந்தானையில் மறைத்து எடுத்துச் சென்றார். உப்புக் குறைந்ததோ, காரம் மிகுந்ததோ என்று நாங்கள் இருவரும் இரவெல்லாம் ஆராய்ந்தோம். மறுநாள் அவர் மருமகள் சொல்லித்தான் தெரிந்தது: வடநாட்டார் பலர் நவராத்திரி நாட்களில் விரதம் இருக்கின்றனர். அரிசி, கோதுமை, பருப்பு, பயறு எதனையும் தொடுவதில்லை. நாமோ அதே ஒன்பது நாளும் நாளுக்கொரு பயறாகச் சுண்டல் செய்து உபசரிக்கிறோம்!

மறு ஆண்டு பாட்டி அந்த மருமகளையே பக்கத்தில் அமர்த்திக்கொண்டு கேட்டறிந்தார். அவர்கள் வீட்டில் நிலக்கடலை ஆகும், ஜவ்வரிசி ஆகும், உருளைக்கிழங்கு ஆகும். உப்புக்குப் பதில் இந்துப்பு. கடுகும் பெருங்காயமும் ஆகா, சீரகம் ஆகும். அதன்படி, ஊறவைத்து வேகவைத்த நிலக்கடலையில் இந்துப்பு இட்டு, சீரகமும் பச்சைமிளகாயும் தாளித்து, தேங்காய் துருவிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுத்தோம். தாயீ அங்கேயே அமர்ந்து உண்டு, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். அன்று முதல் எங்கள் வீட்டில் கொலுவின்போது இரண்டு பாத்திரம். எட்டாம் நாள் காலையில் அவர்கள் விரதம் முடிப்பர். சிறு பெண்களை அழைத்துக் கால் கழுவி அமரவைத்து, பூரியும் அல்வாவும் கறுப்புக் கொண்டைக்கடலையும் படைப்பர். காலையில் எங்கள் மகள் அவர்கள் வீட்டிலிருந்து கொண்டைக்கடலை கொண்டு வருவாள். மாலையில் அவர்கள் வீட்டுப் பெண்கள் எங்கள் வீட்டில் கொண்டைக்கடலைச் சுண்டல் பெற்றுச் செல்வர். தாளிப்புத்தான் வேறு.

தாயீயிடமிருந்து எங்களுக்குக் கிடைத்தது இன்னும் ஒன்று உண்டு. மரப்பாச்சிக்கு உடை தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள், "எங்கள் கிராமத்தில் பெண்குழந்தைகள் சாஞ்ஜி வைப்போம்" என்றார். இதே நவராத்திரியில், களிமண்ணால் நட்சத்திரங்களும் பிறையும் முகமும் கைகளும் செய்து, காயவைத்து, வண்ணமிட்டு, வீட்டுச் சுவரில் சாணத்தால் ஒட்டித் தேவியின் உருவம் அமைப்பார்களாம். மாலைதோறும் அதன்முன் பெண்கள் கூடிப் பாடுவார்களாம். விசயதசமியன்று முகத்தை எடுத்துத் துளையிட்ட பானையில் விளக்கோடு வைத்துக் குளத்தில் மிதக்க விடுவார்களாம். டில்லிக்கு வந்தபின் அவர் வைக்கவில்லை. அரசாங்கச் சுவரில் சாணம் பூச யார் விடுவார்கள்? அதுவன்றி, அவர் வீட்டில் யாரும் கேட்கவுமில்லை.

அடுத்த ஆண்டு கொலுப்படிக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டுப்பலகையை நிறுத்தினோம். உத்தம் நகர்க் குயவர் குடியிருப்பிலிருந்து களிமண் வந்தது. தாயீயின் கண்பார்வை அப்போதே மங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் விரல்கள் தயங்கவில்லை. உள்ளங்கையில் மண்ணை உருட்டித் தட்டி, நான்கு புறமும் கிள்ளி இழுத்தால் ஒரு நட்சத்திரம். எங்கள் மகளும் அவர் பேத்தியரும் சுற்றி அமர்ந்து நூற்றுக்கும் மேலாகச் செய்தனர். பாட்டிக்கு இந்தி வராது. தாயீக்குத் தமிழ் வராது. இருவரும் மாலை முழுவதும் பேசிக்கொண்டேயிருந்தனர். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

இவ்வளவு சொன்னதால் கைவேலையென்றால் எல்லாம் நன்மையாகவே முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் மகளுக்குப் பத்து வயதானபோது, உடன்பயிலும் பெண்ணின் பிறந்தநாளுக்கு அழைப்பு வந்தது. பாட்டி இரண்டு வண்ணப் பிளாஸ்டிக் ஒயரால் சிவன்கண் முடிச்சுப் போட்டு அழகிய சிறு கூடை ஒன்று பின்னிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அவ்வீட்டுக்குச் சென்ற எங்கள் மகள், அக்கூடை சமையலறையில் வெங்காயத்துடன் தொங்குவதைக் கண்டுவிட்டாள். வீட்டிற்கு வந்து அழுதாள். மற்றப் பெண்கள் கொண்டுவந்த பரிசுகளைப் பிரித்தபோது எல்லோரும் கூவினார்களாம். இதைப் பிரித்தபோது சிரித்தார்களாம். "பொருளின் விலையைப் பார்க்கக் கூடாது, அன்பைப் பார்க்க வேண்டும்" என்று நாங்கள் உபதேசம் செய்தோம். பத்து வயதுக் குழந்தையிடம் அதைவிடப் பயனற்ற பேச்சு வேறில்லை. பாட்டியோ, "கூடையில் வெங்காயம் போடாமல் வேறென்ன போடுவார்கள்?" என்றார். அதுவும் அவளைத் தேற்றவில்லை. இரண்டு ஆண்டுகள் அவள் கூழையும் தொடவில்லை, ஊசியையும் தொடவில்லை.

பின்னர் எண்ணிப் பார்த்தபோது குற்றம் எங்களுடையது என்றே தோன்றியது. எங்களுக்கு எது செய்யத் தெரியுமோ அதைச் செய்தோம். அந்தப் பெண்ணுக்கு எது பிடிக்கும் என்று மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையால் செய்தது என்பதனாலேயே ஒரு பொருள் பெறுபவருக்கு உகந்ததாகிவிடாது. தாயீக்குக் கொடுத்த முதல் சுண்டலும் எங்கள் கையால் செய்ததுதானே? அதன்பின் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். இன்னார்க்கு இன்னது என்று மே மாதத்திலேயே எழுதிவிடுவோம். மூன்றாம் தொகுப்பு வீட்டு அம்மையாருக்கு விரல் மூட்டு வலி. அவருக்குத் தைக்கும் பைக்கு அகன்ற பிடி வேண்டும். மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் செவிலிப் பெண் மாலையில் வர இயலாது. அவருக்குக் காலை ஒன்பது மணிக்குத் தாம்பூலம். ஊரிலிருந்து வந்து தனியே அறையெடுத்துத் தங்கி ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கொலுவுக்கு வந்தால், சுண்டல் அவர்களுக்குப் பிரசாதமன்று, இராச்சாப்பாடு; ஆகவே எலுமிச்சம்பழச் சாதமும் உண்டு. அவர்கள் சுமக்கும் புத்தகங்களின் கனத்தைத் தூக்கிப் பார்த்தபின் பழைய காற்சட்டைத் துணியில் பை தைக்கத் தொடங்கினோம். சரிகைக்கரைக்குச் சாந்தினி சவுக்கின் கினாரி பசாரும், அட்டைக்குச் சாவ்டி பசாரும் செல்வோம். மற்றவை வீட்டில் கிழிந்தவையே.

பாட்டி 2009இல் காலமானார். தாயீ 2017இல். அவ்வாண்டு நாங்கள் பலகையை எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை. முதல் நாள் மாலை அவர் பேத்தி, எவர்சில்வர்த் தட்டில் காய்ந்த மண் நட்சத்திரங்களைப் பரப்பி எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "பலகை எங்கே?" என்றாள். கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துத் துடைத்துக் கொடுத்தோம்.

இப்பொழுது சங்கத்தார் அறியாத செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். வருகிற ஆண்டு எங்களுள் ஒருவர் பணி ஓய்வு பெறுகிறார். அரசு வீட்டை ஒப்படைத்துவிட்டு ஊருக்குச் செல்கிறோம். அங்கே எங்களுக்கென்று இருப்பது இரண்டு அறைகள். எனவே இவ்வீட்டில் இவ்வாண்டுக் கொலுவே கடைசிக் கொலு. மரப்பாச்சிகள் பெங்களூரிலுள்ள மகளுக்கு. அவள் அடுக்குமாடி வீட்டில் மூன்று படிக்கு இடம் இருக்கிறதாம். வழக்கமாகத் தான் அனுப்பும் பரிசுகளை அவள் இணையக் கடையில்தான் வாங்குகிறாள். எனினும், சென்ற மே மாதம் காகிதக்கூழுக்கு வெந்தயம் எவ்வளவு என்று தொலைபேசியில் கேட்டாள். சாஞ்ஜிப் பலகை தாயீ வீட்டுக்கே செல்கிறது.

மற்ற பொம்மைகளை இம்முறை தாம்பூலத்துடன் கொடுக்க எண்ணியுள்ளோம். நோட்டுப் புத்தகத்தில் பெயர்கள் எழுதியாயிற்று; யாருக்கு எது என்பதை இப்போது சொல்லமாட்டோம். தலையாட்டிப் பொம்மையைப் பல குழந்தைகள் கேட்டிருக்கிறீர்கள். அது ஒன்றுதான் இருக்கிறது. எங்களை மன்னிக்க வேண்டும்.

கொலுப்படிகள் மட்டும் இன்னும் யார் பெயரிலும் எழுதப்படவில்லை. ஏழு பலகைகள், மரையாணியோடு கழற்றி மாட்டும் கால்கள். வேண்டுவோர் விசயதசமிக்கு முன்பே சொல்ல வேண்டும். நீளப் பலகை மாடிப்படித் திருப்பத்தில் இடிக்குமாதலால் இருவராக வருவது நலம். விரதம் இருப்போர் எந்த நாள் வருகிறீர்கள் என்பதை முந்தின நாள் மாலைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். நிலக்கடலையை இரவே ஊறப்போட வேண்டும்.