வர்ணம் யாருக்காக?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு நத்தை. (சிரிப்பு). சிரிக்கலாம், ஆனால் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இது ஓடில்லாத கடல் நத்தை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முதல் பசிபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவு வரை பவளப்பாறைகளில் ஊர்ந்து திரிவது. பிரெஞ்சு அறிஞர் லமார்க் 1801-ல் இதற்கு பில்லிடியா வாரிகோசா என்று பெயரிட்டார். பெரியது 4 அங்குலத்துக்குச் சற்று மேலிருக்கும். கறுப்பு உடம்பு, அதன்மேல் சாம்பல் கலந்த நீல வரப்புகள், வரப்பின்மேல் மஞ்சள் நுனி வைத்த கொப்புளங்கள். கலியாணப் பந்தல் தோற்றுப்போகும்!

இந்த வர்ணமெல்லாம் எதற்கு என்றால், மனிதன் கண்டு களிக்க என்று சுலபமாய்ச் சொல்லிவிடுவார்கள். மனிதன் கடலுக்கடியில் போய் மூச்சுவிடக் கற்றுக்கொண்டது நேற்றுத்தானே? அதற்கு முன் எத்தனையோ லட்சம் வருஷங்களாக இது யாருக்காகச் சிங்காரித்துக்கொண்டிருந்தது? ஜோடியை மயக்கவா? அதன் கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் தவிர வேறொன்றும் தெரியாது. அன்றியும், இதில் ஆண் வேறு பெண் வேறு இல்லை, ஒவ்வொன்றும் இரண்டுமாயிருக்கிறது. நம் வீடுகளில் நடக்கிற உசத்தி தாழ்த்தி வழக்குக்கு அங்கே இடமே கிடையாது. (சிரிப்பு).

அப்படியானால், கண்ணுள்ள வேறு எவனுக்கோதான் இந்த வர்ணம். அவன் யார்? மீன்! 1963-ல் ஜோஹன்னஸ் என்ற ஆராய்ச்சிக்காரர், இது கசியவிடும் நெடியடிக்கும் வழவழப்புச் சாறு மீனையும் நண்டு இறால் வகைகளையும் கொல்லும் என்று எழுதினார். வர்ணம் அலங்காரமல்ல, தோழர்களே. "தொடாதே" என்கிற விளம்பரப் பலகை.

விஷம் எங்கிருந்து வந்தது? 1975-ல் ஹவாய் சர்வகலாசாலைப் பேராசிரியர் பால் ஷூயரும் அவருடைய கூட்டாளிகளும் அந்தச் சாற்றிலிருந்து விஷத்தைப் பிரித்தெடுத்தார்கள். நத்தை தின்னும் கடற்பஞ்சையும் சோதித்தார்கள். அதிலும் அதே சரக்கு! இந்த நத்தைக்குப் பல் கிடையாது. ஜீரண நீரைக் கக்கிப் பஞ்சைக் கரைத்து உறிஞ்சுகிறது. விஷத்தை மட்டும் தனக்கென்று சேமித்து வைத்துக்கொள்கிறது. ஆக, இரவல் விஷம்!

இன்னொரு வேடிக்கை. ஒருவகைக் கடலட்டை, குஞ்சாயிருக்கையில் அச்சாக இந்த நத்தையைப் போலவே வெளிர்நீலமும் கறுப்புக் கோடும் மஞ்சள் கொப்புளமுமாய் வேஷம் போட்டுத் திரிகிறது. வளர்ந்து பெரிதானதும் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பழுப்பு நிறமாகிவிடுகிறது.