பெயிண்டைப் பார்க்காதீர்கள், பெட்டைப் பாருங்கள்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "நீ ஏதாவது பேசு" என்றார். "எனக்கு என்னப்பா தெரியும், பழைய இரும்புதான் தெரியும்" என்றேன். "அதையே பேசு" என்று வைத்துவிட்டார். எனக்கு முன்னால் பேசிய நண்பர் ரோபோக்களைப் பற்றி அருமையாகச் சொன்னார். அந்த உயரத்திலிருந்து உங்களைக் கிரீஸ் படிந்த தரைக்கு இறக்கப் போகிறேன். மன்னிக்க வேண்டும்.

1991-ல் கணபதியில் ஒரு வாடகை ஷெட்டில் பட்டறை ஆரம்பித்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம். மனைவியின் நகையை அடகு வைத்து, இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு ஆறரை அடி லேத் ஒன்று வாங்கினேன். பழசுதான். ஆனால் பச்சைப் பெயிண்ட் அடித்து, மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். புரோக்கர் சுவிட்சைப் போட்டார், சக் சுற்றியது, சத்தமே இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. இன்ஜினீயரிங் படித்தவன் அல்லவா! (சிரிப்பு)

முதல் ஆர்டர் நாற்பது பம்ப் ஷாப்ட். நாற்பதும் திரும்பி வந்தது. ஒரே ஷாப்டில் சக் பக்கம் 0.06 மில்லிமீட்டர் பருமன் கூட. ஒரு முனையில் பேரிங் வழுக்கிக்கொண்டு போகிறது, மறு முனையில் சுத்தியலால் அடித்தாலும் ஏறவில்லை. டூலை மாற்றினேன், டெயில் ஸ்டாக்கை நகர்த்தினேன், மூன்று ராத்திரி தூங்கவில்லை. நாலாம் நாள் எதிர்ப் பட்டறை மேஸ்திரி வந்தார். ஒன்றும் பேசாமல் பெட்டின் மேல் விரல் நகத்தை வைத்து இழுத்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நகம் தட்டி நின்றது.

"தம்பி, நீங்க பெயிண்டைப் பாத்து வாங்கிப்போட்டீங்க. பெட்டைப் பாக்கோணும்."

இன்றைய என் பேச்சு முழுக்க அந்த ஒரு வாக்கியம்தான்.

லேத்தில் பெரும்பாலும் சின்ன வேலைதான் ஓடும். ஆகவே சாடில் எப்போதும் சக்குக்குப் பக்கத்திலேயே போய்வந்துகொண்டிருக்கும். அந்த ஒன்றரை அடி பெட் தேயும், டெயில் ஸ்டாக் பக்கம் புதுசு மாதிரி இருக்கும். தேய்ந்த இடத்துக்கு வந்ததும் சாடில் முன்பக்கம் தாழ்ந்து, டூல் ஜாபை விட்டு வெளியே விலகும். அதனால்தான் அங்கே பருமன் கூடியது. சரி செய்ய வேண்டுமானால் பெட்டைக் கிரைண்டிங் போட வேண்டும். கிரேன், லாரி, கிரைண்டிங் கூலி, திரும்ப ஸ்கிரேப்பிங் செய்து உட்கார வைக்கிற கூலி எல்லாம் சேர்ந்து எனக்கு வாங்கின விலையில் பாதி ஆயிற்று. அடகு வைத்த நகையை மீட்க மூன்று வருஷம். அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், இன்னும் மறக்கவில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? சாடிலைச் சக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஆட்டமில்லாமல் லேசான இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கைச்சக்கரத்தைச் சுற்றி டெயில் ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். போகப் போக இறுகி நின்றுவிட்டதா? பெட் தேய்ந்திருக்கிறது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். விற்பவர் "எண்ணெய் போட்டால் சரியாயிடும்" என்பார். ஆகாது.

அடுத்தது ஹெட் ஸ்டாக். நீங்கள் போனவுடன் முதல் காரியமாக அதன் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே ஓட்டிப் பார்த்து எதையோ சரிக்கட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாளைக் காலையில் வருகிறேன், நான் வந்த பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கெட்டியான எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அமுக்குவதும் உண்டு. அரை மணி நேரம் வேகத்தில் ஓட்டினால் எண்ணெய் இளகும், உண்மை வெளியே வரும். எல்லா ஸ்பீடையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு ஸ்பீடில் மட்டும் டக் டக் என்றால் அந்தக் கியரில் பல் போயிருக்கிறது.

கடைசியாக ஒரு துண்டு ராடு சக்கில் பிடித்து, டெயில் ஸ்டாக் கொடுக்காமல், ஆறு அங்குல இடைவெளியில் இரண்டு வளையம் மாதிரி மெல்லிய கட் எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் ஹெட் ஸ்டாக் நேராக உட்கார்ந்திருக்கிறது. இதற்குச் சம்மதிக்காதவரிடம் மெஷின் வாங்க வேண்டாம்.

கிராஸ் ஸ்லைடில் ஆட்டம், கைப்பிடி உடைந்தது, மோட்டார் எரிந்தது, இதற்கெல்லாம் பயப்படவே வேண்டாம். நட்டை நாமே செய்துகொள்ளலாம், மோட்டாரை ரீவைண்டிங் செய்யலாம். இவற்றைச் சொல்லித்தான் விலையைக் குறைக்க வேண்டும். எல்லாரும் ஓடிப் போகிற மெஷினில்தான் சில சமயம் நல்ல பெட் இருக்கும். பெட், ஸ்பிண்டில், கியர் மூன்றும் சரியாக இருந்தால் துருவைப் பற்றிக் கவலைப்படாமல் வாங்குங்கள்.

இன்னொன்று, மெஷினோடு வரும் சாக்கு மூட்டையை விடாதீர்கள். பழைய இங்கிலீஷ் லேத்தில் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கு. நம் நாட்டில் 1956-ல் சட்டம் வந்து, 1958-லிருந்து படிப்படியாக மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்தது. அந்த லேத்தில் மில்லிமீட்டர் மரை துல்லியமாக வெட்ட வேண்டுமென்றால் 127 பல் உள்ள கியர் ஒன்று வேண்டும். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஐந்தால் பெருக்கினால் 127. அவ்வளவுதான் சூத்திரம். நான் பார்த்த ஒரு லேத்தில் அந்தக் கியர் மட்டும் காணோம். தேடினால், அந்த வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி பறக்காமலிருக்கப் பாரமாக வைத்திருந்தார்கள்! ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் செய்த லேத் இன்றும் பல பட்டறைகளில் ஓடுகிறது, கம்பெனிதான் இல்லை. அதில் ஒரு உருப்படி காணாமல் போனால் எந்த ஷோரூமில் போய்க் கேட்பீர்கள்?

கைக் கருவிகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூலைமட்டத்தை ஒரு நேரான விளிம்பில் வைத்துக் கோடு போட்டு, திருப்பி வைத்து அதே இடத்தில் மறுபடி போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றானால் வாங்கலாம். வெர்னியர் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், வெளிச்சம் கசிந்தால் வைத்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். நம் கோவையில் 1990-களிலும் அதன் பின்னும் மில்கள் மூடியபோது மெஷின்கள் நிறைய வெளியே வந்தன. மில் மெயின்டனன்ஸ் ஒர்க்ஷாப்பில் இருந்த லேத் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போய்ப் பார்க்கலாம், தினம் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் அதிகம். மூன்று ஷிப்டும் ஒரே உருப்படியைக் கடைந்த லேத்துக்குக் கிட்டேயே போகாதீர்கள். அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கழித்த சாமான்களை எம்.எஸ்.டி.சி. என்கிற மத்திய அரசு நிறுவனம் இணையத்தில் ஏலம் விடுகிறது. "இருந்த இடத்தில், இருந்த நிலையில்" என்று போட்டிருப்பார்கள். அதில் "இருந்த இடத்தில்" என்பதைத்தான் நன்றாகப் படிக்க வேண்டும். ஓர் ஏலத்தில் மில்லிங் மெஷினை மலிவாக எடுத்தேன் என்று சந்தோஷமாகப் போனால், அது உள்ளே வந்த வாசலை எப்போதோ செங்கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். சுவரை இடித்து, மெஷினை எடுத்து, மறுபடி சுவரும் கட்டிக் கொடுத்தேன்.

ஆனால் நல்ல சாமான் ஏலத்தில் வருவதை விட, வயதாகிப் பட்டறையை மூடுகிறவர் வீட்டில்தான் அதிகம் கிடைக்கிறது. இதில் ஒரு விஷயத்தை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1998-ல் அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். பட்டறைக்காரர் இறந்து நாலு மாதம். அந்தம்மா ஒரு மரப்பெட்டியைக் காட்டி, "இதெல்லாம் என்னன்னே தெரியலீங்க, ஐநூறு ரூபாய் குடுத்துட்டு எடுத்துக்குங்க" என்றார். திறந்தேன். ஸ்லிப் கேஜ் செட் ஒன்று, மிட்டுடோயோ மைக்ரோமீட்டர் மூன்று, எண்ணெய்த் துணியில் சுற்றி அப்படியே இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. ஐநூறைக் கொடுத்துவிட்டு, வேகமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஏழு வருஷம் கழித்து அவருடைய பையன் பாலிடெக்னிக் முடித்து என் பட்டறைக்கே அப்ரண்டிஸாக வந்தான். எனக்கு யாரென்று தெரியாது. ஒரு நாள் டிராயரிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தவன், பிரேமின் அடியில் பொறித்திருந்த இரண்டு எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவங்கப்பா இனிஷியல். ஒன்றும் சொல்லாமல் துடைத்து வைத்துவிட்டுப் போனான். மறுநாள் மூன்றையும் அவன் கையில் கொடுக்கப் போனேன். "நீங்க காசு குடுத்து வாங்கினதுதானுங்களே, அண்ணா" என்றான். வாங்கிக்கொள்ளவில்லை. இன்றும் என் டிராயரில்தான் இருக்கின்றன. நான் அவற்றால் அளப்பதில்லை.

2021-ல் எங்கள் பக்கத்துப் பட்டறை அண்ணன் தவறிப்போனார். அக்கா போன் செய்தார். "தம்பி, வெள்ளிக்கிழமை லாரி வருதுங்க. எல்லாத்தையும் கிலோ முப்பத்திரண்டு ரூபாய்னு எடுத்துக்கிறேன்கிறான். குடுத்துடட்டுங்களா?" போய்ப் பார்த்தேன். மூன்று டன்னுக்கு மேல் இருக்கும், எடைக்குப் போட்டால் ஒரு லட்சத்துச் சில்லறை. அதில் இருந்த எச்.எம்.டி. லேத் மேல் எனக்குப் பத்து வருஷமாகக் கண். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று நான் சொல்லியிருந்தால் அக்கா கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். பொய் சொல்ல மாட்டேன், வாய் வரைக்கும் வந்தது.

"அக்கா, ஒரு வாரம் லாரியை நிறுத்தி வையுங்க" என்றேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக எழுதினோம், கடைசி ரீமர் வரைக்கும். தெரிந்த நாலு பட்டறைக்காரர்களை வரச் சொன்னேன். லேத்துக்கு ஒருத்தர் ஒரு லட்சத்து நாற்பது கேட்டார், நான் நாற்பத்தைந்து கொடுத்து எடுத்தேன். எல்லாம் சேர்ந்து அக்காவுக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் வந்தது. லாரிக்காரர் என்னோடு இன்னும் பேசுவதில்லை.

நேரமாகிவிட்டது, சாப்பாட்டு வாசனை வருகிறது. ஒன்றே ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். நாம் கற்றுக்கொண்ட ஒர்க்ஷாப்பில் ஆறு லேத் கழித்துக்கட்டும் பட்டியலில் இருக்கிறது. எடைக்குப் போடப் போவதாகக் கேள்வி. நேற்றுச் சாயந்திரம் போய் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். கைப்பிடி எல்லாம் உடைந்திருக்கிறது, கியரில் பல் போயிருக்கிறது, அதெல்லாம் நம் கைங்கரியம். பெட் மட்டும் ஆறில் நாலுக்கு அப்படியே இருக்கிறது. நாம் எங்கே வேலை செய்தோம், பேசிங் எடுத்துவிட்டு கேன்டீனுக்குப் போனவர்கள்தானே! புதுசாகப் பட்டறை வைக்கும் நம் இளைய மாணவர்கள் இந்தக் கூட்டத்திலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். முதல்வர் அவர்களிடம் பேசியிருக்கிறேன், லாரி வருவதற்கு முன் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி விலை கேட்க அனுமதி கொடுத்திருக்கிறார்.

மூன்று மணிக்கு ஒர்க்ஷாப்பைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். டயல் கேஜ் கொண்டுவந்திருக்கிறேன்.