ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூரை வேண்டுமா?

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அதிகாலையில் அவ்வழியே செல்வோர்க்குக் குளிர்ந்த காற்றும், தோட்டங்களின் மணமும், கீழே விரிந்து கிடக்கும் சமவெளியின் காட்சியும் ஒருங்கே கிடைக்கும். முன்னாளில் என்னிடம் பௌதிகம் பயின்று, இப்போது நகரில் வாணிகம் செய்துவரும் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். "ஐயா, பல ஆண்டுகள் சேர்த்த பணத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க விரும்புகிறேன். ஒரே காரில் கூரை மூடிய வகை ஒன்றும், கூரை மடங்கும் வகை ஒன்றும் இருக்கின்றன. கூரை திறந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நானோ மிதிவண்டியிலேயே பள்ளிக்குச் சென்று ஓய்வு பெற்றவன். ஆயினும் அவர் கேட்டது செல்வர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. நீங்கள் வகுப்பில் படிக்கும் பௌதிகமும் அதற்குள் இருக்கிறது. அதை உங்களோடும் ஆராய விரும்புகிறேன்.

பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பெயர் பெற்றது நம் ஊர். ஆகவே ஒரு பெட்டியிலிருந்தே தொடங்குவோம். காலணி வாங்கும்போது கிடைக்கும் அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை அகற்றிவிட்டு, இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். பெட்டி எளிதில் கோணும். பிறகு மூடியை வைத்துச் சுற்றிலும் பசையிட்டு ஒட்டுங்கள். காய்ந்த பின் முறுக்குங்கள். அதே பெட்டி இப்போது உங்கள் கைக்கு அடங்காது. மூடியின் எடை சிறிது. அது தந்த விறைப்போ பெரிது.

இதற்குக் கணக்கும் உண்டு. 20 மில்லிமீட்டர் ஆரமும் 1 மில்லிமீட்டர் தகட்டுக் கனமும் உள்ள குழாய் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் நீளம் முழுவதும் ஒரு கீறல் விட்டால், முறுக்கைத் தாங்கும் விறைப்பு ஏறத்தாழ 1,200-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உலோகம் சிறிதும் குறையவில்லை. வளையம் மட்டுமே அறுந்தது. காரின் கூரையை அகற்றினால் இத்துணைப் பெருங்கேடு நேர்வதில்லை. தரையும் பக்கங்களும் எஞ்சி நிற்கின்றன. ஆயினும் விதி ஒன்றே.

கார் முறுக்கினால் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சுருள்வில் மட்டுமே அசைய வேண்டும்; உடல் உறுதியாக நிற்க வேண்டும். உடலும் சேர்ந்து முறுக்கினால், டயர் சாலையைத் தொடும் கோணம் மாறும். வளைவில் கார் ஓட்டுநர் எண்ணியபடி திரும்பாது. முன்கண்ணாடியும் முகப்புப் பலகையும் நடுங்கும். ஸ்போர்ட்ஸ் காரின் உயிர் வெறும் வேகத்தில் இல்லை; ஓட்டுபவர் கைக்குச் சொன்னபடி கேட்பதில் இருக்கிறது. அந்தக் கீழ்ப்படிதலைத்தான் கூரை காக்கிறது.

அப்படியாயின் பழைய நாளில் திறந்த கார்களே மிகுதியாக இருந்தனவே, அவை ஓடவில்லையா என்ற ஐயம் எழும். அக்காலக் கார்களில் அடியிலிருந்த தனி இரும்புச் சட்டகமே பாரத்தைத் தாங்கியது. மேலுடல் அதன்மீது அமர்ந்திருந்தது. கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டகத்துக்குப் பெரிய வேறுபாடு இல்லை. பின்னர் உடலே சட்டகமாக அமையும் முறை பரவியது. அதன் பின்னரே கூரை ஓர் உறுப்பாயிற்று. அதை அறுத்தெடுப்பது வீட்டின் சுவரை இடிப்பது போலாயிற்று.

இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சான்று உண்டு. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் உருவாயின. அதன் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஏனைய நிறுவனங்கள் பல உடலையே சட்டகமாக்கிய காலத்தில், ஹெரால்டு தனிச் சட்டகத்தை விடவில்லை. அதனால் கூரை மடங்கும் ஹெரால்டை அங்கே எளிதில் செய்ய முடிந்தது. அச்சட்டகத்தைக் குறுக்கி 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்னும் திறந்த ஸ்போர்ட்ஸ் காரையும் படைத்தனர். நம் தெருக்களில் குடும்பங்களைச் சுமந்த ஹெரால்டுக்கு அப்படியொரு துள்ளும் உடன்பிறப்பு இருந்தது! அண்மையில், 2020-இல் வந்த மகிந்திரா தார் ஸ்போர்ட்ஸ் கார் அன்று. எனினும் அதுவும் தனிச் சட்டகம் உடையதாதலின், மடக்கும் துணிக்கூரை அதற்கு எளிதில் பொருந்தியது.

பந்தயக் கார்களைக் கண்ட மாணவர் ஒருவர் என்னை மறுக்கலாம். "இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓடும் ஒற்றை இருக்கைக் கார்களுக்குக் கூரையே இல்லையே!" என்பார். உண்மையே. ஆனால் அவை பிறக்கும்போதே கூரையின்றிப் பிறந்தவை; இழந்த வலிமையை வேறிடத்தில் ஈட்டிக்கொண்டவை. ஃபார்முலா ஒன் கார்களிலும் 2018 முதல் ஓட்டுநரின் தலையைக் காக்க டைட்டானிய வளைவு ஒன்றைக் கட்டாயமாக்கினர். கூரையைத் துறந்தவர்களே தலைக்கு மேல் ஒரு காப்பைத் தேடினார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

ஆகவே கூரை உண்டா இல்லையா என்பதைவிட, இந்தக் கார் திறந்ததாகவே பிறந்ததா, அல்லது மூடிய காரின் கூரையை அறுத்து உருவாக்கப்பட்டதா என்பதே தலையாய கேள்வி. 1989-இல் ஜப்பானின் மஸ்தா நிறுவனம் தந்த எம்எக்ஸ்-5 தொடக்கத்திலிருந்தே திறந்த காராகத் திட்டமிடப்பட்டது. துணிக்கூரையை ஓட்டுநர் கையாலேயே மடக்கிவிடலாம். 2016-க்குள் அதன் வகையில் பத்து லட்சம் கார்கள் உருவாகிவிட்டன. மூடிய காரைத் திறந்ததாக மாற்றும்போதோ, அடித்தளத்தில் இரும்பைச் சேர்த்து வலுவூட்ட வேண்டும், எடை கூடும், எடை கூடினால் சுறுசுறுப்புக் குறையும். கூரையே எஃகாயிருந்து மோட்டாரால் மடங்குமாயின், சுமையும் ஏறும், பெட்டி வைக்கும் இடமும் குறுகும்.

திறந்த காரின் இன்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மழை நின்ற காலைப்பொழுதில் மண்ணின் மணமும், பறவையின் குரலும், எஞ்சினின் ஓசையும் தடையின்றி வந்து சேர்வது பெரும் பேறு. ஆனால் சித்திரை மாதத்து நண்பகலில், திண்டுக்கல் சமவெளியில், புழுதி பறக்கும் சாலையில் எத்தனை நாழிகை கூரையைத் திறந்து வைக்க இயலும்? ஆண்டில் எத்தனை நாட்கள் திறப்போம், அந்நாட்களுக்காக எஞ்சிய நாட்களில் எதை இழப்போம் என்று கணக்கிடுவதே அறிவுடைமை.

என் மாணவருக்கு நான் மூன்று செய்திகளே சொன்னேன். முதலாவது, இரண்டு கார்களையும் மேடுபள்ளமான சாலையில் மெதுவாக ஓட்டிப் பார். உள்ளே இருக்கும் கண்ணாடியில் தெரியும் உருவம் நடுங்குகிறதா என்று கவனி. இரண்டாவது, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க இருக்கைக்குப் பின்னே வலிய வளைவு உண்டா என்று கேள். மூன்றாவது, பிறர் பார்ப்பதற்காகவா, நீ ஓட்டுவதற்காகவா என்று உன் நெஞ்சையே கேள். மூன்றாவது கேள்விக்கு அவர் சிரித்துக்கொண்டே தலைகுனிந்தார்.

சில வாரங்கள் சென்று அவர் மீண்டும் வந்தார். கூரையுள்ள வண்டியையே தேர்ந்திருந்தார். திறந்த வகையை ஓட்டியபோது உட்கண்ணாடியில் பின்னால் வந்த பேருந்து நடனமாடியது என்றார். வேறொருவர் கடற்கரைச் சாலையில் மாலை உலாவுக்காக வாங்குவாராயின், திறந்ததைத் தேர்வதும் தவறாகாது. பயன் எதுவோ அதுவே அளவுகோல்.

மாணவர்களே, நாளை நீங்கள் கார் வாங்குவீர்களோ, கல்லூரியைத் தேர்வீர்களோ, தொழிலைத் தேர்வீர்களோ, எதுவாயினும் ஆகுக. கண்ணுக்கு முதலில் தெரியும் உறுப்பை அகற்றினாலும் சேர்த்தாலும், கண்ணுக்குத் தெரியாத எதன்மேல் அப்பாரம் போய் விழுகிறது என்று ஒருமுறை கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியவர் எதிலும் எளிதில் ஏமாறார்.