பெட்ரோல் மூடியிலிருந்து தொடங்குவோம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ‘பி’ பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மாதம் நம் பேஸ்மென்ட்டில் இரண்டு நாள் பெட்ரோல் வாடை அடித்தது. யார் வண்டி என்று வாட்ஸ்அப் குரூப்பில் பெரிய விவாதமே நடந்தது. அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். நான் முப்பது வருடம் பஸ் பணிமனையில் டீசல் இன்ஜினோடு இருந்தவன். பெட்ரோல் ஆவி பற்றி நானே 2024-இல், அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தபோதுதான் கற்றுக்கொண்டேன்.

மகன் இருப்பது ஒஹாயோ மாநிலத்தில், அக்ரன் பக்கம். அவனிடம் 2004 மாடல் பழைய பிக்கப் ஒன்று. வேலைக்குப் போக அதுதான். நான் போன வாரத்தில் ‘செக் இன்ஜின்’ விளக்கு எரிந்தது. அந்தப் பகுதியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை உண்டு. விளக்கு எரிந்தால் ஃபெயில். ஃபெயில் ஆனால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. மூன்று வாரம்தான் பாக்கி.

ஸ்கேனரை மாட்டினோம். ‘பி0442’ என்று வந்தது. பெட்ரோல் ஆவி சிறிய அளவில் கசிகிறது என்று அர்த்தம். சுமார் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலே கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். பெரிய கசிவாக இருந்தால் ‘பி0455’ வரும்.

இது எப்படி வேலை செய்கிறது என்றால், டேங்க்கில் எழும் ஆவி வெளியே போகாமல் கரி நிரப்பிய ஒரு டப்பாவில் தங்கும். இன்ஜின் ஓடும்போது ‘பர்ஜ் வால்வு’ திறந்து அந்த ஆவியை இன்ஜினுக்குள் இழுத்து எரித்துவிடும். அவ்வப்போது கம்ப்யூட்டர் எல்லா வழியையும் மூடிவிட்டு, உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும். நிற்காவிட்டால் விளக்கு.

முதலில் பார்க்க வேண்டியது பெட்ரோல் மூடி. குக்கருக்கு கேஸ்கெட் மாதிரி அதற்கும் ஒரு ரப்பர் வளையம் உண்டு. வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, ‘டிக்’ சத்தம் வரும்வரை திருகினோம். உடனே விளக்கு அணையாது. இன்ஜின் ஆறியிருந்து, டேங்க் காலியாகவும் முழுதாகவும் இல்லாதபோதுதான் அந்தச் சோதனை ஓடும். சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மகனுக்குப் பொறுமை இல்லை. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அறுபது டாலருக்குப் புது பர்ஜ் வால்வு வாங்கி மாட்டினான். ஒரு வாரத்தில் விளக்கு திரும்ப வந்தது. பழைய வால்வைக் கழற்றாமலே பார்த்திருக்கலாம். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கரி டப்பாவிலிருந்து வரும் ஹோஸை வால்விலிருந்து பிடுங்கி, அந்த வாயில் விரலை வைத்தால் போதும். இழுப்பு இருந்தால் வால்வு மூடவில்லை. இல்லையென்றால் கசிவு வேறிடத்தில்.

“கோடை அழித்துவிட்டு சோதனைக்குப் போகட்டுமா, அப்பா?” என்றான். அழித்தால் கம்ப்யூட்டர் செய்து முடித்த மற்ற சோதனைகளின் பதிவும் போய்விடும். வண்டி தயாரில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடைசியில் ஒரு மெக்கானிக்கிடம் புகைச் சோதனை செய்தோம். நம் பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பதில்லையா, அதே கதைதான். மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே விடுகிறார்கள். பின் சக்கரத்துக்கு மேலே, பெட்ரோல் ஊற்றும் குழாயிலிருந்து மெல்லிய கோடாகப் புகை வந்தது. அங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு போடுவார்கள். அது பட்டுப்பட்டு இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. குழாயை மாற்றினோம். சோதனையில் வண்டி பாஸ்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் ஊதுவத்தி கொளுத்தி வைத்துக்கொண்டு கசிவு தேடாதீர்கள். டயருக்கு அடிக்கும் காற்றையும் உள்ளே விடாதீர்கள். முதலாவது தீப்பிடிக்கும், இரண்டாவது டேங்க்கைக் கெடுக்கும்.

நம் ஊர்ப் பெட்ரோல் கார்களிலும் அந்தக் கரி டப்பா இருக்கிறது. பங்க்கில் தானாக நின்ற பிறகும், ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் போடச் சொல்கிறோமே, அந்தப் பெட்ரோல் டப்பாவுக்குள் போய்க் கரியைப் பாழாக்கும். தானாக நின்றால் நிறுத்திவிடுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. திறந்த ரோட்டில் கலைந்துவிடும். பேஸ்மென்ட்டில் தரையோடு தேங்கும். வாடை வந்தால் அங்கே எந்த வண்டியையும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். வெளியே வந்து செக்யூரிட்டியிடம் சொல்லுங்கள். பெட்ரோல் சொட்டுகிறது என்றால் 101-க்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. போன மாத வாடை யாருடைய வண்டி என்று நான் சொல்லப்போவதில்லை. அவரே என்னிடம் வந்து சொன்னார், சரிசெய்தும்விட்டார். மூடியின் ரப்பர் வளையம்தான். முதல் நாளே சொல்லியிருப்பேன், குரூப்பில் எழுதியதைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்றார். அடுத்த முறை யாராவது முன்வந்து சொன்னால் அவருக்கு நன்றி சொல்வோம். நம் குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் இடம் அது.