அடுக்களையில் நிறங்களின் உறவு



சமையலறை அலமாரிக்கு எந்த வர்ணம் பூசுவது என்பது வீட்டுக்காரரும் தச்சரும் பேசி முடிக்க வேண்டிய செய்தி; அதை வானொலியில் பேசுவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆனால், ஒரு குடும்பத்தில் ஒருவர் நாள்தோறும் பல மணி நேரம் நின்று உழைக்கும் இடம் அடுக்களை. அதன் நிறங்களைத் தேர்ந்தெடுப்பவரோ பல வீடுகளில் அங்கே நின்று உழைப்பவர் அல்லர். மேல் அலமாரிக்கு ஒரு நிறம், கீழ் அலமாரிக்கு வேறொரு நிறம் என்று இணைக்கும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. அவ்வாறு இணைப்பதற்கு அளவுகோல் எது? அறிவியலும் வரலாறும் இதற்கு என்ன விடை தருகின்றன என்று பார்ப்போம்.

பாரிஸ் நகரில் கோப்லான் என்னும் புகழ் பெற்ற நெசவுச்சாலை உண்டு. சித்திரத் திரைச்சீலைகள் நெய்யும் அவ்விடத்தின் சாயப் பகுதிக்கு 1824-ஆம் ஆண்டில் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர் தலைவரானார். அங்கே ஒரு குறை நெடுநாளாக இருந்தது. நீல, ஊதா நூல்களுக்கு அருகில் வைத்து நெய்த கறுப்பு நூல் வலுவிழந்து தோன்றியது. சாயத்தில் கோளாறு என்று எல்லோரும் கருதினர். ஷெவ்ரல் அந்நூலைச் சோதித்தார்; வேறு இடங்களிற் செய்த சிறந்த கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. குறை அதன் அண்டை நிறத்தில் இருந்தது! அடுத்தடுத்து வைத்த இரண்டு நிறங்கள் ஒன்றின் தோற்றத்தை ஒன்று மாற்றுகின்றன என்ற உண்மையை அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார்.

இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து இரண்டு சதுரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றைக் கறுப்புத் தாளின்மீதும், மற்றொன்றை வெள்ளைத் தாளின்மீதும் வையுங்கள். கறுப்பின்மேல் உள்ளது வெளிறியும், வெள்ளையின்மேல் உள்ளது கறுத்தும் காணப்படும். தாள் ஒன்றே, அண்டை வேறு. அடுத்து, அச்சாம்பல் சதுரத்தைச் செந்நிறத் தாளின்மேல் வைத்துச் சற்று நேரம் உற்று நோக்குங்கள். அதில் பசுமைச் சாயல் படரும்.

கடையில் வர்ண அட்டையைத் தனியே பார்த்து மயங்குவோர் வீட்டில் ஏமாறுவதற்குக் காரணம் இதுவே. அடுக்களையில் அலமாரிக் கதவு தனித்து நிற்பதில்லை. சமையல் மேடையின் கருங்கல், சுவரின் ஓடு, தரை, எவர்சில்வர்ப் பாத்திரம் ஆகிய யாவும் நிறங்களே. மரத்தின் இயற்கை நிறமும் ஒரு நிறமே. கறுப்பு மேடைக்குக் கீழே இளம் சாம்பல் நிறம் பூசினால், அது ஏறக்குறைய வெள்ளையாகவே தோன்றக்கூடும். செங்காவித் தரைக்கு அருகில் அதே சாம்பல் பச்சை கலந்தாற்போல் தெரியும். ஆதலால் ‘இந்த நிறம் அழகா?’ என்று கேட்பது பாதிக் கேள்வி. ‘இந்த நிறம் எதனோடு சேர்ந்து நிற்கப்போகிறது?’ என்பதே முழுக் கேள்வி.

அடுத்து வெளிச்சத்தைக் கருதவேண்டும். நல்ல வெண்பூச்சு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்கையோ அதற்கு மேலுமோ திருப்பி அனுப்புகிறது. கருநீலமும் கரும்பச்சையும் 10 பங்கு அளவே அனுப்புகின்றன. மேல் அலமாரி இளநிறமாகவும் கீழ் அலமாரி அடர்நிறமாகவும் இருப்பது நன்று என்று கூறுவதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. கண்மட்டத்திலும் அதற்கு மேலும் உள்ள பரப்புகள் ஒளியை அறையில் பரப்ப, அரிவதும் ஆய்வதும் தெளிவாகத் தெரிகின்றன. காலும் துடைப்பமும் படும் கீழ்ப்பகுதியில் அடர்நிறம் கறையைச் சிறிது பொறுத்துக்கொள்கிறது. ஒரே சன்னல் உள்ள சிற்றறையில் மேலும் கீழும் அடர்நிறம் பூசினால், பகலிலும் விளக்கெரிக்க நேரிடும். விளக்கின் தன்மையும் முக்கியம். மஞ்சள் ஒளியில் நீலம் மங்கிச் சாம்பல் போலாகும். எனவே பகலில் ஒருமுறையும், இரவில் அவ்வறையின் விளக்கொளியில் ஒருமுறையும் பார்த்த பின்னரே நிறத்தை முடிவு செய்தல் வேண்டும்.

அடுக்களையையும் அதன் நிறத்தையும் ஆராய்ச்சிக்குரிய பொருளாக மதித்த பெண்மணி ஒருவரை இங்கே குறிப்பிடவேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம் மிகுந்தது. பிராங்பர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் எளிய மக்களுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுக்கான சமையலறையை 1926-இல் வகுத்தவர் ஆஸ்திரிய நாட்டுப் பெண் கட்டடக் கலைஞரான மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமே கொண்ட அறை அது. எத்தனை அடி நடக்கவேண்டும், எங்கே கை நீட்டவேண்டும் என்று கணக்கிட்டு அவர் அமைத்த இச்சமையலறை, ஏறக்குறைய 10,000 வீடுகளில் இடம்பெற்றது.

அங்கே நிறங்கள் இணைந்த முறையைப் பாருங்கள். அலமாரிகள் பலவற்றுக்கு நீலமும் பச்சையும் கலந்த பூச்சு. ஈக்கள் அந்நிறத்தை நாடா என்று அக்காலத்திற் கருதினர். தானியமும் சர்க்கரையும் இடும் இழுப்புப் பெட்டிகள் அலுமினியத்தாலானவை. அவை வெள்ளி போல் மின்னின. அரியும் பலகை மரத்தின் சொந்த நிறத்தோடு விளங்கியது. மூன்று நிறங்கள், மூன்றுக்கும் மூன்று வேலை. ஈயைப் பற்றிய கருத்து சரியா என்று இன்று நீங்கள் சோதனை செய்யலாம். காரணத்தோடு தேர்ந்த நிறத்தைச் சோதிக்க முடியும். பிழையானால் திருத்தவும் முடியும். ‘இதுதான் இப்போது நாகரிகம்’ என்று தேர்ந்த நிறத்தை எதைக்கொண்டு சோதிப்பது?

இன்னும் ஒன்று. முதுமையில் கண்ணிலுள்ள வில்லை மஞ்சளிக்கிறது. நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவது அதனால் கடினமாகிறது. ஒரே அளவு வெளிச்சமுள்ள இரண்டு நிறங்கள் ஒன்றாய்க் கலந்து தெரிகின்றன. மேடையும் அதன் கீழுள்ள கதவும் ஒரே அடர்நிறமாயிருந்தால், விளிம்பு எங்கே முடிகிறது என்று பாட்டிக்குப் புலப்படாது. விளிம்பில் வைத்ததாக எண்ணிய கொதிநீர்ப் பாத்திரம் அவர் காலில் விழலாம். ஒன்று அடர்ந்தும் மற்றது வெளிறியும் இருந்தால் விளிம்பு தெளிவாகத் தெரியும். இங்கே நிறவேறுபாடு அழகை மட்டும் தருவதன்று, காவலும் ஆகிறது.

எனவே மாணவர்களே, உங்கள் வீட்டில் அலமாரிகளுக்கு வர்ணம் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தால், மூன்றைச் செய்யுங்கள். மாற்ற இயலாத மேடை, தரை ஆகியவற்றின் நிறத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பலகைத் துண்டுகளில் இரண்டு வர்ணங்களையும் பூசி, அவ்விடத்திலேயே அடுத்தடுத்து நிறுத்திப் பகலிலும் இரவிலும் பாருங்கள். மூன்றாவதாக, அங்கே நின்று சமைக்கப்போகிறவரை அழைத்து, ‘உங்கள் கண்ணுக்கு இது எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். அம்மூன்றில் தலையாயது இந்தக் கடைசிக் கேள்விதான். அதற்கு வரும் விடை உங்கள் விருப்பத்திற்கு மாறாக இருந்தால், அவர் விடையையே ஏற்றுக்கொள்ளுங்கள்.