ஆறாயிரத்து ஐநூறு ரூபாய்க்குக் குண்டு துளைக்காத கவசம்?

(நமது பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பக்கத்துத் தெருவில் பூட்டை உடைத்துத் திருடிய செய்தி வந்த மறுநாள், நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கொட்டேஷன் வந்தது, நினைவிருக்கும். செராமிக் தகடு வைத்த குண்டு துளைக்காத ஜாக்கெட், ஒன்று 6,500 ரூபாய். நம் செக்யூரிட்டிகள் ஆறு பேருக்கும் வாங்கினால் 39,000. "உடனே வாங்கலாம்" என்று பலர் கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள். நல்ல மனசுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் பார்க்காமல் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

2018 ஏப்ரலில் நமது ராணுவத்துக்காகப் பாதுகாப்பு அமைச்சகம் 1,86,138 ஜாக்கெட்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 639 கோடி. வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு 34,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல் மொத்தமாக வாங்குகிறவருக்கே அந்த விலை. ஆறு வாங்கும் நமக்கு எப்படி ஐந்தில் ஒரு பங்கு விலையில் கிடைக்கும்?

செராமிக் என்றால் பீங்கான் வகை. உடையக்கூடிய பொருள் எப்படிக் குண்டைத் தடுக்கும் என்று என் மனைவியே கேட்டாள். அது உடைவதால்தான் தடுக்கிறது. வேகமாக வரும் குண்டின் முனை, தன்னைவிடக் கடினமான பரப்பில் மோதி நசுங்கிச் சிதறும். அந்த இடத்தில் தகடும் நொறுங்கும். பின்னால் ஒட்டியிருக்கும் நார் அடுக்கு சிதறல்களைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால்தான் கவசம்.

விலை குறைந்த தகடெல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஸ்கூட்டரின் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாக ஒரு பாகம் இருக்குமே, அது அலுமினா. அதே வகைப் பொருளில்தான் மலிவான தகடுகள் செய்கிறார்கள். முறையாகச் செய்தால் ரைபிள் குண்டையும் தாங்கும். விலையில் மிச்சம் பிடிப்பதை எடையில் சுமக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு லிட்டர் அளவு அலுமினா ஏறக்குறைய 3.9 கிலோ இருக்கும். போரான் கார்பைடு 2.5 கிலோதான், ஆனால் விலை அதிகம். ராணுவ ஜாக்கெட்டில் வைத்தது அதைத்தான்.

இதைப் படித்துவிட்டு அந்த வியாபாரிக்கே போன் செய்தேன். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 17051 தரத்தில் எந்த நிலை என்று கேட்டேன். அதில் 6ஆம் நிலைதான் உச்சம். "எல்லா குண்டும் தாங்கும் சார்" என்றார். சோதனைச் சான்றிதழ்? "அனுப்பறேன் சார்." இன்றுவரை வரவில்லை. எடை எவ்வளவு என்றேன். முன் தகடு, பின் தகடு இரண்டும் சேர்த்து ஒன்றரை கிலோவாம். ரைபிளுக்கான தகடு என்றால் ஒன்றே பொதுவாக 2 கிலோவைத் தாண்டும். அத்துடன் போனை வைத்துவிட்டேன்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். நான் வேலை பார்த்த ஒரு கிளையில், பணம் கொண்டுபோகும் வண்டியில் வரும் கன்மேனுக்கு ஜாக்கெட் வந்தது. "நல்ல நிலையில் பெறப்பட்டது" என்று வவுச்சரில் இனிஷியல் போட்டவன் நான். பெட்டியைப் பிரித்துகூடப் பார்க்கவில்லை. சில மாதம் கழித்து வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "சார், தொட்டுப் பாருங்க" என்றார். முன் பையில் மெல்லிய தகரம். பின் பை காலி. "முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றேன். "சொன்னா அதையும் வாங்கிக்குவாங்க சார், பார்க்கிறவன் பயந்தா சரிதானே" என்றார். மேலிடத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. அவர் ஓய்வு பெறும்வரை அதையேதான் போட்டுக்கொண்டார். யாரும் சுடவில்லை. அந்த இனிஷியல் மட்டும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்று. நல்ல தகடே வாங்கினாலும் பராமரிப்பு உண்டு. கீழே விழுந்தால் உறைக்குள் மயிரிழை விரிசல் வரலாம், வெளியே தெரியாது. எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். நம் கேட் ரூமில் குடையும் ரெயின்கோட்டும் கிடக்கும் இடம் உங்களுக்கே தெரியும். அதோடு, குண்டுக்கான சோதனை வேறு, கத்திக்குத்துக்கான சோதனை வேறு. நம் தெருவுக்கு வருகிறவன் கையில் ரைபிள் இருக்கப்போவதில்லை, கடப்பாரை இருக்கும். மே மாத வெயிலில், அறுபதை நெருங்கும் மனிதர்கள் அந்தச் சுமையைப் பன்னிரண்டு மணி நேரம் மாட்டிக்கொள்வார்களா என்பதையும் யோசியுங்கள்.

போன வாரம் இரவு ஷிஃப்டில் இருக்கும் இருவரிடமும் உட்கார்ந்து கேட்டேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று. மூத்தவர் யோசிக்கவே இல்லை. "பின் கேட்டுல லைட்டு எரிஞ்சா போதும் சார். இருட்டுல யாரு நிக்கறான்னே தெரியல" என்றார். கேட் ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். நாலு வருஷமாக அந்த வழியாகத்தான் நடைப்பயிற்சிக்குப் போகிறேன்.

எலக்ட்ரீஷியனிடம் மதிப்பீடு வாங்கிவிட்டேன். பின் கேட்டில் இரண்டு எல்இடி விளக்கு, தாழ்ப்பாள், நல்ல டார்ச் ஆறு, அவசரத்துக்கு ஒரு அலாரம் பட்டன், எல்லாம் சேர்த்து 21,400 ரூபாய். ஜாக்கெட் கொட்டேஷனும் இந்த மதிப்பீடும் அசோசியேஷன் அறையில் ஒரே ஃபைலில் இருக்கின்றன. அடுத்த ஞாயிறு கமிட்டி கூடுவதற்குள் வந்து பார்த்துவிட்டு, உங்கள் பிளாக் பிரதிநிதியிடம் சொல்லுங்கள்.